வந்த விசில்

அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் மூக்கு அரிக்கும். அதுவரை எங்கே இருந்ததென்றே தெரியாமல் முகத்தில் கிடந்த மூக்கு, பிலோமினா சிஸ்டர் தேசிங்கைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப் பட்டனை எல்லாம் கழற்றச் சொல்லி, வெறும் நெஞ்சின் மேல் ஒரு கைப்பிடி மகளைக் குப்புறப் படுக்கவைத்து, துணியைச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிய அதே நொடியில், நானும் இருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல ஆரம்பித்தது. அரிக்கட்டும். ஒரு கை அவள் முதுகில், ஒரு கை அவள் பின்புறத்துக்கு அடியில், மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. கை சூடாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. வெந்நீரில் கழுவி, தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, நம்பாமல் மறுபடி தேய்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். காசிமேட்டுக்கு ஐஸ் கட்டி ஏற்றிப்போகிற வண்டி ஓட்டுகிறவன் கை. ராத்திரி அந்தக் கை மேலே பட்டால் சுகந்தி துள்ளி விழுவாள், "இன்னாயா இது, மீன் பொட்டியில கைய வுட்ட மாதிரி கீது" என்பாள். அந்தக் கையை நம்பி இந்த ஆஸ்பத்திரி ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. நேரம் வருமுன் பிறந்த பிள்ளை. சூடு போனால் எல்லாம் போய்விடும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து உலகத்தில் சூட்டைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. முதல் நாள் இப்படி உட்கார வந்தபோது சிஸ்டர் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பூஞ்சிறகை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் பிடித்தாள், எலி வாலைப் பிடிக்கிற மாதிரி. "என்னண்ணே இது?" புறா என்றான். "எத்தனை?" அது கொஞ்சம் இருக்கும் சிஸ்டர் என்றான். கொஞ்சம்! மொட்டை மாடி முழுக்கக் கூண்டு, அவனுக்கே கணக்குத் தெரியாது. தலை முழுகிவிட்டு வரச் சொல்லித் துரத்தினாள். தலை முழுகினான், கூண்டுச் சாவியை எதிர்மாடி ஜான்பாஷாவிடம் கொடுத்தான், மகள் வீட்டுக்கு வருகிற வரைக்கும் புறாவைத் தொடுவதில்லை என்று அவனாகவே சத்தியமும் செய்துகொண்டான். ஜான்பாஷா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். புறாவைத் தொடாத தேசிங்கை அவன் பார்த்ததே இல்லை.

மூச்சு விடுகிறாள். நெஞ்சில் ஒரு ஈரமான சின்னக் காற்று படுகிறது, நிற்கிறது, படுகிறது. நிற்கிற இடம்தான் கொல்கிறது. அந்த இடைவெளியில் அவனும் தன் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பான். அதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் ஒருநாள் சொன்னாள், "மூச்சை அடக்காதீங்கண்ணே. நீங்க விட்டாத்தான் அவளுக்கும் விடணும்னு ஞாபகம் வரும்." அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி விடாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடின் மேல் ரெண்டு புறா. வளர்ப்புப் புறா இல்லை, ஆஸ்பத்திரிப் புறா, யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் புறா. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினான். தொடுவதில்லை என்றுதானே சத்தியம், பார்ப்பதில்லை என்று இல்லையே என்று மறுபடி திரும்பினான். வெயில் நன்றாக ஏறியிருக்கிறது. இந்நேரம் வீட்டு மாடியில் அடை மாற்றுகிற நேரம். ராத்திரி முழுக்க அடையில் இருந்த பெட்டை, ஆண் வந்து பக்கத்தில் நின்றதும் எழுந்து, ஒரு இறக்கையையும் ஒரு காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். ஆண் மெதுவாக, கால் முட்டையில் படாமல் ஏறி, வயிற்றை ஒரு உலுக்கு உலுக்கி உட்காரும். வெயில் சாய்கிற வரை அதுதான் அடை. குஞ்சு பொரிந்த பிறகும் அதே முறைதான். ஆணுக்கும் பால் சுரக்கும். தொண்டைப் பையில், தயிர் உடைந்த மாதிரி. வண்டியில் கூட வருகிற ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நீ எத்தனை லிட்டர் கறப்பே தேசிங்கு என்பார்கள். சிரிக்கட்டும். இத்தனை வருஷமாக அதைத் தினமும் பார்த்தவன், அது புறா சமாசாரம் என்றுதானே அவனும் நினைத்திருந்தான். சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு பகல் அடைக்கு வந்து உட்காருவான் என்று எந்த ஜோசியக்காரன் சொன்னான். காலில் வளையம் கூட இருக்கிறது அவளுக்கு, பிளாஸ்டிக் வளையம், 'சுகந்தியின் குழந்தை' என்று எழுதி. குஞ்சுக்கு வளையம் போடுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். இவளுக்கு இவர்கள் போட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பொரிந்த அன்றைக்குப் புறாக் குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா, பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். கண் திறந்திருக்காது, தலை மட்டும் பெரிசாக, மஞ்சள் மஞ்சளாக நாலு மயிர், வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரியும். சுகந்தி முதல் தடவை பார்த்துவிட்டு, "இதுக்கா நீ ராவெல்லாம் முழிச்சினு இருந்தே" என்று கேட்டாள். ஆனால் அதன் அப்பனும் ஆத்தாளும் அதைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே. ஒன்று போனால் ஒன்று, மாற்றி மாற்றி. ஒன்று போனால். அந்த இடத்தில் தேசிங்கின் நினைப்பு கல்லில் சக்கரம் ஏறினது போல் ஒரு துள்ளு துள்ளியது. மாடியில் இருக்கிற அந்தப் புள்ளி போட்ட ஆண் புறாவைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். அதன் பெட்டையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மூக்கு அரிக்கிறது, அதைப் பற்றி நினைப்போம்.

சுகந்தி இதே ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிறாள். இரண்டு மாடிக்கு மேலே, ஜன்னலோரக் கட்டிலில், உயிரோடு. இதைத் தினமும் பத்துத் தடவையாவது சொல்லிக்கொள்கிறான். உயிரோடு இருக்கிறாள், சாப்பிடுகிறாள், நர்சுகளோடு சண்டை போடுகிறாள். ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்து, அவசரமாக அறுத்து எடுத்த பிள்ளை. தையல் சேரவில்லை, கொதிப்பு இன்னும் இறங்கவில்லை, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அதனால் மகளை அவள் இன்னும் பார்க்கவில்லை. செல்லில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினான். வெகு நேரம் பார்த்தாள். குழாய், தொப்பி, கம்பி, அதற்கு நடுவில் ஒரு மூக்கு. "யோவ், இது எந்தப் புள்ளையோ" என்றாள். "எல்லாரும் சேந்துக்கினு என்னை ஏமாத்தறீங்க. எனக்குத் தெரியும். முன்னே ரெண்டு வாட்டியும் இப்டித்தான், நல்லா கீது நல்லா கீதுன்னு சொல்லிக்கினே இருந்தீங்க." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இதற்கு முன் இரண்டும் தங்கவில்லை, இரண்டு தடவையும் முதலில் பொய் சொன்னவன் இவன்தான். அவள் தாங்கட்டும் என்று சொன்ன பொய். டாக்டரம்மா வந்து சொன்னாள், அவளையும் நம்பவில்லை. நம்பவில்லையே தவிர வேளை தவறாமல் பாலைக் கறந்து கொடுத்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கறப்பாள், சின்னக் கிண்ணத்தில் அடி நனைகிற அளவுக்கு இருக்கும். அதை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்குவான் தேசிங்கு. டன் கணக்கில் ஐஸ் ஏற்றிக்கொண்டு பாலத்தில் பறந்தவன், அந்தக் கிண்ணத்தோடு சுவரை ஒட்டிச் சுவரை ஒட்டி, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி. இன்றைக்குக் காலையில் கிண்ணத்தைக் கொடுக்கும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "நேத்து ஏதோ குடிக்க வச்சுப் பாக்கறாங்கன்னியே, இன்னா ஆச்சு?" அவன் வாயைத் திறக்கும் முன்னே, "வாணாம், சொல்லாத, உன் வாயால எதுவும் சொல்லாத" என்றாள். அப்புறம் ஜன்னலைக் காட்டினாள். "இன்னைக்கு அது தானா குடிச்சா, கீழ நின்னு விசில் அடி. வந்த விசில். அத மட்டும் தான் நான் நம்புவேன்."

வந்த விசில் என்பது புறாக்காரன் விசில். விசில் எல்லோரும் அடிப்பார்கள், புறாவை விரட்ட ஒன்று, கூப்பிட ஒன்று, போலீஸ் வருகிறது என்பதற்கு ஒன்று. வந்த விசில் அப்படி இல்லை. தொலைவில் கொண்டுபோய் விட்ட பந்தயப் புறா திரும்பி வந்து வானத்தில் கண்ணில் படுகிற நேரத்தில் மட்டும் அடிக்கிறது அது. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து, அடியில் ஆரம்பித்து மேலே ஏற்றி, ஏற்றின இடத்திலேயே நிறுத்தி. அதைக் கேட்டால் பேட்டை முழுக்க ஆட்கள் மாடிக்கு ஓடி வருவார்கள். புறா கண்ணில் படாமல் அந்த விசிலை அடிக்கிறவனுக்கு அதோடு சரி, அவன் மாடியில் அப்புறம் ஒருத்தனும் கால் வைக்க மாட்டான். எத்தனையோ பேர் மேகத்தைப் பார்த்துப் பருந்தைப் பார்த்து அவசரப்பட்டு அடித்துவிட்டு மானம் போய் நின்றிருக்கிறார்கள். தேசிங்கு ஒரு தடவைகூட அப்படித் தப்பாக அடித்ததில்லை. எங்கே போனே என்று கேட்டால் வாய் கூசாமல் பொய் சொல்லுவான், சாப்பிட்டாயா என்றால் பொய், சிகரெட்டை விட்டாச்சு என்பதும் பொய், இதெல்லாம் சுகந்திக்கு மனப்பாடம். அந்த விசிலில் மட்டும் அவன் பொய் சொன்னதில்லை என்பதும் மனப்பாடம். எட்டு வருஷமாக அந்த விசிலைக் காதைப் பொத்திக்கொண்டு திட்டினவள். சோறு வடிக்கிறவளைக் கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொள்ள வைத்த விசில் அது. இன்றைக்கு அவளே கேட்கிறாள். அடிக்க முடியாமல் போனால்? போனால் என்ன சொல்லிக்கொண்டு மாடி ஏறுவது? ஏறவே வேண்டாம், விசில் வராததே போதும், அவள் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள், வெயில் நகர நகர அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போதும் படுத்திருக்கிறாள். இந்த நிமிஷமும்.

நேற்று குடிக்கவில்லை. குடிக்காதது மட்டும் என்றால் பரவாயில்லை. பாலாடையில் எடுத்து, அந்தச் சின்ன மூக்குக் கிண்ணத்தை உதட்டு ஓரத்தில் வைத்து, பிலோமினா சிஸ்டர் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டாள், மூன்றாவது சொட்டிலோ நாலாவதிலோ புரையேறி, முகம் சுருங்கி, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறி, பக்கத்து மெஷின் கத்த, எங்கிருந்தோ நாலு பேர் ஓடிவந்து, இவனைத் தள்ளிவிட்டு. கொஞ்ச நேரம்தான். அழுதுவிட்டாள், நிறம் வந்துவிட்டது. டாக்டரம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் மூன்றையும் சேர்த்துச் செய்ய இவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, நாளைக்கு மறுபடி பார்ப்போம், குடித்துவிட்டால் குழாயை எடுத்துவிட்டு அம்மாவிடமே கொடுத்துவிடலாம் என்றாள். குடிக்காவிட்டால் என்பதை அவள் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கேட்காத கேள்வி ராத்திரி முழுக்கத் தாழ்வாரத்தில் இவன் பக்கத்திலேயே படுத்திருந்தது. மூக்கு வழியாகப் போகிற அந்தக் குழாய் இப்போது அவன் நெஞ்சில் உரசுகிறது. அதன் வழியாகப் பால் தானாக வயிற்றுக்குப் போய்விடுகிறது, அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் பயம். புறாக் குஞ்சு அப்படி இல்லை. காக்காக் குஞ்சு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், ஆத்தாள் கொண்டுவந்து திணிக்கும். மைனாவும் அப்படித்தான். புறாவில் மட்டும் தலைகீழ். பெரியது வாயைத் திறந்துகொண்டு நிற்கும், குஞ்சுதான் தலையைத் தூக்கி, தள்ளாடி, தன் மூக்கை அதன் வாய்க்குள் விட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கண் தெரியாத குஞ்சு. எழுந்து நிற்கத் தெரியாத குஞ்சு. முட்டி முட்டித்தான் சாப்பாடு. முட்டத் தெரியாததற்கு அப்பன் எத்தனை பாலைத் தொண்டையில் வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை. அப்படிப்பட்டதை எடுத்து அலகின் இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாக அழுத்தினால் சிலதுக்கு ஞாபகம் வந்து முட்ட ஆரம்பிக்கும். சிலதுக்கு வராது. புள்ளி ஆணின் குஞ்சு ஒன்று.

சரி, வந்துவிட்டது, இனிமேல் தள்ள முடியாது, நினைத்துத் தொலைப்போம். அந்தப் பெட்டையை வல்லூறு அடித்தது. பட்டப்பகலில், தேசிங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் இருந்து பிரித்து, ஒரே அடி. கொஞ்சம் சிறகு மட்டும் இறங்கி வந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல். கூண்டில் பொரிந்து கொஞ்ச நாளே ஆன இரண்டு குஞ்சு. புள்ளி ஆண் தன் முறை முடிந்து எழுந்து நின்று பெட்டையைப் பார்த்தது. வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தது. இருட்டியது. மறுபடி போய் ஏறி உட்கார்ந்தது. வலிப்பு வந்த அன்றைக்கு சுகந்தியைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனபோது, கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றபோது, தேசிங்குக்கு வந்த முதல் நினைப்பு அதுதான், வாசலில் நின்று பார்த்த புள்ளி ஆண். அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. அன்றையிலிருந்து அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வாசலோடு மூடிவிடுவான், அதற்கு மேலே போக விடமாட்டான். ஆனால் அப்புறம் என்ன நடந்தது? இன்றைக்குத்தான் அந்தக் கேள்வியே வருகிறது. அப்புறம் என்ன நடந்ததென்று அவனுக்குத் தெரியாதா என்ன, தினமும் பார்த்தவன் தானே. அந்த ஆண் ராத்திரியும் தானே உட்கார்ந்தது. பகலும் தானே. இறங்கி வந்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஓடும். உடம்பு பாதியாகிவிட்டது. இரண்டில் ஒன்று நன்றாக முட்டி வாங்கியது, ஒன்று முட்டாமல் கிடந்தது. இது தேறாது என்று ஜான்பாஷா சொன்னான். தேசிங்கும் அப்படித்தான் நினைத்தான். ஆண் அப்படி நினைக்கவில்லை. குனிந்து குனிந்து வாயைத் திறந்து அதன் தலைமேலேயே வைத்துக்கொண்டு நிற்கும். கழுத்தை வளைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும். ஒருநாள் கூண்டைச் சுத்தம் செய்யப் போனால் அந்த உதவாக்கரைக் குஞ்சு, பிடரி ஆட ஆட, அப்பன் வாய்க்குள் பாதித் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் பிழைத்தது. இரண்டும் பறந்தது. அந்தச் சோப்ளாங்கிதான் பின்னால் பந்தயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து, இவனை வந்த விசில் அடிக்க வைத்து, கஞ்சியை சுகந்தி கையில் ஊற்ற வைத்தது. அடப் பாவி, இவ்வளவு நாள் பாதிக் கதையை வைத்துக்கொண்டா பயந்தோம் என்று தேசிங்குக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் அந்த ஆண் ஒற்றை ஆள். நமக்குப் பெட்டை மாடியில் இருக்கிறாள், ஜன்னலோரத்தில், பாலும் கொடுத்துவிட்டு, நம்பவும் மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு.

சிரித்ததில் நெஞ்சு குலுங்கியிருக்க வேண்டும். அவள் அசைந்தாள். முதலில் கால், அவன் வயிற்றில் ஒரு கீறல். அப்புறம் தலை. தொப்பிக்குள்ளிருந்து அந்தத் தலை இந்தப் பக்கம் திரும்பியது, திரும்பி, தூக்க முயன்று, முடியாமல் விழுந்து, மறுபடி. மூக்கும் வாயுமாக அவன் நெஞ்சில் ஒரு முட்டு. தேசிங்கு வாய்ப்பாட்டை மறந்தான், மூச்சு விடவில்லை. இன்னொரு முட்டு. பக்கவாட்டில் ஊர்ந்து ஊர்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, எதையோ தேடிக்கொண்டு போனாள், போய், அவன் மார்க்காம்பைப் பிடித்தாள். "ஐயோ சிஸ்டர்" என்றான். குரல் எலி மாதிரி வந்தது. பிலோமினா ஓடிவந்து பார்த்தாள், பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்த அறைக்குள் அவள் சிரித்து இவன் பார்த்ததில்லை. "தேடுறாண்ணே! பசிச்சுத் தேடுறா! தப்பான கடையில வந்து நிக்கறா அவ்வளவுதான்." கூச்சமும் வலியும் இல்லாத ஏதோ ஒன்று அவன் உச்சந்தலை வரை ஏறியது. வண்டிக்காரர்கள் பார்த்தால் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். பார்க்கட்டும், எல்லாரையும் கூப்பிட்டு வரிசையில் நிற்கவைத்துக் காட்டலாம். என் மகள் முட்டுகிறாள்.

சிஸ்டர் பாலாடையைச் சுடுதண்ணீரில் போட்டிருந்தாள், எடுத்து, சுகந்தியின் பாலை ஊற்றினாள். "இன்னைக்கு நீங்களே குடுங்க. உங்க மேல இருக்கும்போதே குடுப்போம், முழிச்சிருக்கா." குழந்தையை நிமிர்த்திச் சாய்த்து, தலையை அவன் உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கையில் தலை. ஒரு சாத்துக்குடிக்கு மேலே கொஞ்சம். பாலாடை உதட்டைத் தொட்டதும் அவள் முகம் நேற்றுப் போலச் சுருங்கியது, வாய் மூடிக்கொண்டது. தேசிங்கின் கை அவனைக் கேட்கவில்லை. எத்தனையோ குஞ்சுக்குச் செய்த பழக்கம், தலையைப் பிடித்திருந்த கையின் கட்டை விரலும் நடுவிரலும் தானாக முன்னால் வந்து, அவள் இரண்டு கன்னத்தையும் ஒரே நேரத்தில், லேசாக, அலகை அழுத்துகிற மாதிரி அழுத்தின. அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். உடனே அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாமல், நெற்றியைச் சுருக்கி, வாயை இன்னும் இறுக்கி, அழப் போகிற முகம். மெஷின் ஒரு தடவை முனகியது. நேற்றைய நாலு பேர் ஓடிவரும் சத்தம் காதில் கேட்டே விட்டது. "என்னண்ணே பண்றீங்க?" என்றாள் பிலோமினா. "ரெண்டு பக்கமும் தட்டினா எந்தக் கதவத் திறப்பா? ஒரு கன்னம். ஒண்ணே ஒண்ணு." புறாவுக்கு என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "இவ புறா இல்லண்ணே" என்றாள் சிஸ்டர், திட்டாமல். ஆமாம், புறா இல்லை. நடுவிரலை எடுத்தான். கட்டை விரல் மட்டும். காத்திருந்தான், புள்ளி ஆணைப் போல, கழுத்தை வளைத்துக்கொண்டு, கிண்ணத்தை அவள் உதட்டருகே வைத்துக்கொண்டு, ஊற்றாமல், வெறுமனே வைத்துக்கொண்டு. கட்டை விரலால் ஒரு கன்னத்தில் ஒரு கோடு. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது. அவன் சாய்க்கவில்லை, அவள்தான் வந்தாள். உதடு கிண்ணத்தின் மூக்கைப் பிடித்தது, நாக்கு வெளியே வந்து நக்கியது, உள்ளே போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்த நேரத்தில் தேசிங்கு தெரிந்த சாமி எல்லாவற்றையும், ஜான்பாஷாவின் சாமியையும் பிலோமினாவின் சாமியையும் சேர்த்து, கூப்பிட்டுவிட்டான். அப்புறம் உள்ளங்கையில், அவள் தொண்டைக்கு அடியில் இருந்த விரலில், ஒரு சின்ன அசைவு. ணுக். விழுங்கிவிட்டாள். மூச்சு விட்டாள். மறுபடி நாக்கு வந்தது.

சொட்டுச் சொட்டாக அவள் அதைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு ணுக்கும் விரலில் வந்தது, கையில் ஏறியது, நெஞ்சில் போய் உட்கார்ந்தது. நடுவில் நிறுத்திக் களைப்பாறினாள், பெரிய மனுஷி மாதிரி. உதடு சிவப்பாகவே இருந்தது. கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது, அதற்கும் நாக்கை நீட்டினாள். "குடிச்சிட்டா" என்றாள் பிலோமினா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள், ஓடக் கூடாத அறையில். தேசிங்குக்குக் கத்த வேண்டும். கை காலை உதற வேண்டும், மாடிக்கு மாடி தாவ வேண்டும், ஆனால் நெஞ்சின் மேல் அவள் தூங்கிப் போயிருந்தாள், வாயோரத்தில் பால். அதனால் அசையாமல் உட்கார்ந்து, அத்தனை சந்தோஷத்தையும் பல்லைக் கடித்து உள்ளேயே பிடித்துக்கொண்டு, கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு ஒழுக, மூக்கு அரிப்பதைக்கூட மறந்து போயிருந்தான்.

டாக்டரம்மா வந்து, பார்த்து, தட்டிக்கொடுத்து, சாயங்காலம் அம்மாவிடம் கொண்டுபோகலாம் என்று சொல்லி, சிஸ்டர் அவளைத் தூக்கி வாங்கிக்கொண்டதும், தேசிங்கு எழுந்தான். கால் மரத்திருந்தது. நொண்டிக்கொண்டே தாழ்வாரத்தைத் தாண்டி முற்றத்தில் வந்து வெயிலில் நின்றான். இரண்டு மாடிக்கு மேலே அந்த ஜன்னல். விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஊதினான். காற்றுத்தான் வந்தது. வாய் வறண்டு கிடக்கிறது. எச்சிலைக் கூட்டினான். இத்தனை வருஷத்தில் எந்தப் புறாவுக்கும் வாய் வறண்டதில்லை. மறுபடி வைத்தான், கண்ணை மூடினான், உள்ளங்கையில் அந்த ணுக்கை நினைத்தான், அடியில் ஆரம்பித்தான், ஏற்றினான், ஏற்றின இடத்திலேயே நிறுத்தினான். ஆஸ்பத்திரி அதிர்ந்தது. சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இருந்த அத்தனை புறாவும் படபடவென்று ஒரே அடியாக எழும்பி முற்றத்துக்கு மேலே சுற்றின. "யோவ், இது ஆஸ்பத்திரியா சினிமாக் கொட்டாயா?" என்று கேட்டிலிருந்து வாட்ச்மேன் கத்தினார். தேசிங்கு இன்னொரு தடவை அடித்தான், நீளமாக, யாருக்காவது சந்தேகம் இருந்தால் தீரட்டும் என்று. அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் இல்லை. புறாக்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அப்போது மேலிருந்து கேட்டது, எவர்சில்வர் டம்ளருக்குள் கரண்டியை விட்டு ஆட்டுகிற சத்தம். ணங் ணங் ணங். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில், வாய் நிறையத் திட்டிக்கொண்டே, புறாவையெல்லாம் இரைக்குக் கூப்பிட சுகந்தி ஆட்டுகிற ஆட்டு. பார்த்தாச்சு, வந்தாச்சு, இறங்கி வா, எல்லாரும் வீட்டுக்கு வா. படுத்த இடத்திலிருந்தே ஆட்டுகிறாள், நிறுத்தாமல் ஆட்டுகிறாள், பக்கத்துக் கட்டில்காரிகள் சிரிக்கிற சத்தமும் அவள் அழுகிற சத்தமும் சேர்ந்து கேட்கிறது. தேசிங்கு சட்டைப் பட்டனைப் போடாமலே மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினான்.